மேல் காவல், கீழ் காவல்

அக்கா எதையும் கையில் கொடுக்க மாட்டாள். எறிவாள்.

உப்புப் பொட்டலம், தீப்பெட்டி, வெல்லத்துண்டு, சீப்பு என்று எது கேட்டாலும் நின்ற இடத்திலிருந்தே "இந்தா, புடி" என்பாள். அது வந்து நம் மடியில் விழும். தவறி விழுந்து நான் பார்த்ததில்லை. கூழ்ச்சட்டி மாதிரி எறிய முடியாத சாமான் என்றால், நடுவில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வாள். நாம்தான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. நெல்லிவாசல்நாட்டில் காட்டோரமாக இருந்த அந்த வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன அன்றைக்கு, மாமியார் இல்லாத வீடு என்பதால் மூத்த மருமகளான அவள்தான் எனக்குப் பூ வைத்துவிட வேண்டும். பூச்சரத்தை எடுத்துக்கொண்டு வாசல் பலாமரம் வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. அங்கிருந்தே வீசினாள். சரம் என் தோளில் வந்து விழுந்தது. கூடியிருந்த சனம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு என்ன இவ்வளவு திமிர் என்று அன்றைக்கே மனசில் குறித்துவைத்துக்கொண்டேன்.

நான் அதற்கு நேர் எதிர். பேசினால் தோளைப் பிடித்து உலுக்கிப் பேசுவேன். சண்டை என்றால் முதலில் முடியைத்தான் பிடிப்பேன். பிறந்த ஊரில் தண்ணீர் எடுக்கும் இடத்தில் என்னோடு மோதினவர்கள் யாரும் கொண்டை கலையாமல் வீடு போனதில்லை. இது பெருமை இல்லை, சுபாவம் அப்படி. அதனால் அந்த வீட்டில் முதல் மாதம் முழுக்க அவளோடு ஒரு சண்டை போட வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். முடியவே இல்லை. நான் கிட்டே போனால் அவள் நகர்ந்துவிடுவாள். நகர்ந்தது தெரியாது. பார்த்தால் முன்பு இருந்த அதே தூரம் இருக்கும். ஆள் கிட்டே வராமல் எப்படி ஐயா சண்டை போடுவது?

உட்கார்ந்து சாப்பிடும்போதும் வாசல் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவாள். தூங்கும்போது முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். ஆனால் தூரத்தில் நின்றுவிட்டால் அவளைப் போலக் கலகலப்பான மனுஷியை மலையில் தேடினாலும் கிடைக்காது. எதிர்ச்சரிவில் நின்று என்னைப் பார்த்து, "ஏ புள்ள, உன் வூட்டுக்காரன் குழம்புல உப்பில்லன்னு சொல்லிகினு போறான், எனக்கே கேக்குது!" என்று கத்துவாள். மலையே சிரிக்கும்.

கவண் அவளுக்குக் கையோடு பிறந்தது. கற்றாழை நாரில் அவளே திரித்துக்கொள்வாள். ஓடையில் கல் பொறுக்கப் போனால் எனக்குப் பொறுமை போய்விடும். ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, வேண்டாம் என்று போட்டு, மறுபடி எடுப்பாள். சாமைக் கதிரில் குருவி இறங்கினாலும் சரி, சரிவில் பன்னி மூக்கை நீட்டினாலும் சரி, அவள் அடிப்பது அதன் மேல் இல்லை. அது அடுத்த அடி வைக்கப்போகிற இடத்தில். "மேல பட்டா செத்துப்போவும், இல்லன்னா வெறி புடிச்சு வரும். முன்னால உழுந்தா திரும்பிப் போய்டும். திரும்பிப் போனா போதாதா?" என்பாள்.

எனக்குப் போதாது. கிட்டே போய் ஒன்று வைத்தால்தான் மனசு ஆறும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"தூர நின்னு அடிச்சா கோவம் தீருமாக்கா?"

"கிட்ட நின்னா ரெண்டு பேரு கையும் எட்டும் புள்ள. தூர நின்னா என் கை மட்டுந்தான் எட்டும். எனக்குக் கோவம்லாம் தீர வேணா. மேல கை படாம இருந்தா போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

புரிந்தது ஓர் ஆடி மாதம். வாணியம்பாடியிலிருந்து வளையல்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பாய் மலையேறி வருவார். வயசானவர். பெண்களை வரிசையாக உட்கார வைத்து, கையைப் பிடித்து மெதுவாக அமுக்கி, நோகாமல் கண்ணாடி வளையல் ஏற்றிவிடுவார். எல்லாரும் போட்டுக்கொண்டோம். அக்கா மட்டும் தள்ளி நின்றாள்.

"கைய குடும்மா, நோகாம போட்டு உடறேன்."

"அங்க வெச்சிடுங்க பாய். நானே போட்டுக்கறேன்."

"தனியா போட்டா ஒடைஞ்சிடும்மா."

"ஒடைஞ்சா ஒடையுது."

உடைந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இடது கையில் ஏற்றப் பார்த்து ஏற்றப் பார்த்து உடைத்தாள். அப்போதுதான் அந்த மணிக்கட்டைப் பார்த்தேன். எலும்பு ஒரு பக்கம் புடைத்து, முறிந்தது கோணலாகவே கூடியிருந்தது. பாயும் பார்த்தார். பெட்டியின் அடியிலிருந்து பெரிய அளவு வளையலாகத் தேடி எடுத்து, நடுவில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, அவரே பின்னால் போய் நின்றார். "இத போட்டுக்கோம்மா, தானா ஏறும்" என்றார். நல்ல மனுஷன்.

பாய் போன பிறகு அவளைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள், புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்த மாதிரி. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், புருஷனோடு இருக்க முடியாது என்று அவள் ஒரு நாள் காலையில் கிளம்பியிருக்கிறாள். சந்தவாசலில் அவளுடைய தங்கை இருக்கிறாள், அங்கே போய்விடலாம் என்று. மலைக்கு அப்போது தினம் ஒரு ஜீப்தான். காலையில் வரும், முக்குரோட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு போளூருக்கு இறங்கும். அவள் சுற்றுப்பாதையில் நடந்திருக்கிறாள். அவர் குறுக்கு வழியில் போய், ஜீப் நிற்கும் இடத்தில் கல்லின் மேல் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். நாலு பேர் பார்க்க, "வாம்மா, வூட்டுக்குப் போலாம்" என்று சாந்தமாகக் கூட்டிவந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். அந்தக் கைதான் இது.

அவளுடைய புருஷனை, அதாவது என் மூத்தாரை, ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குரலை உயர்த்திப் பேசாத மனுஷன் என்று பேர். வெளியாளுக்கு முன்னால் தலை குனிந்துதான் நிற்பார். கல் எறிய மாட்டார், கம்பு தூக்க மாட்டார். அவருக்கு ஆள் கிட்டே இருந்தால் போதும், கை நீளத்துக்குள். எனக்குத் தெரிந்து வீட்டில் அவர் அதட்டின சத்தம் கேட்டதே இல்லை. சட்டி உருளும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் எழுந்து காட்டுப்பக்கம் போய்விடுவார். அண்ணன் முன்னால் அவருக்குப் பேச்சு வராது. அந்தக் கோபம் எனக்கு அவர் மேல் இன்னும் இருக்கிறது.

நல்லவேளையாக மூத்தார் வருஷத்தில் பாதிக்கு மேல் வீட்டில் இருக்க மாட்டார். மரம் வெட்டும் கூப்பு லாரியோடு போய்விடுவார். வந்தாலும் கதிர்க் காவல் காலமாக இருந்துவிட்டால் அக்காவுக்குக் கவலை இல்லை. அவள் நிலத்துக் காவல் பரணில் இருப்பாள்.

எங்கள் ஊர்க் காவலுக்கு ஒரு முறை உண்டு. சாமை பொட்டு விட்டுக் கதிர் தலைகாட்டும் சமயத்தில், காட்டோரம் நிலம் வைத்திருக்கிற குடும்பங்கள் மாரியம்மன் கல்லுக்கு முன்னால் கூட வேண்டும். அவரவர் நிலத்து மண்ணை ஒரு பிடி கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் மேல் காவல், யார் கீழ் காவல் என்று சொல்ல வேண்டும். மேல் காவல் என்றால் பரண்மேல், கையில் கவண். கீழ் காவல் என்றால் தரையில், கையில் வேல்கம்பு, பக்கத்தில் நெருப்பு. ஒரு முறை சொல்லிவிட்டால் அறுப்பு வரைக்கும் மாற்ற முடியாது. கீழே நிற்கிறவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, ஊரில் இல்லாமல் போனாலோ அதே வீட்டில் இன்னொருவர் அந்த இடத்தில் நிற்கலாம், அவ்வளவுதான். இன்னொரு கட்டும் உண்டு. ராத்திரிக் காவல் முடிந்து விடிந்தாலும், கீழ் காவல் "எறங்கு" என்று குரல் கொடுக்காமல் மேல் காவல் இறங்கக் கூடாது. எந்தக் காலத்திலோ ஒருவன் இருட்டு விலகுவதற்குள் சொல்லாமல் இறங்க, கீழே இருந்த தம்பி கரடி என்று நினைத்துக் குத்திவிட்டானாம். அதிலிருந்து வந்த கட்டு.

ஒவ்வொரு வருஷமும் அக்கா மண்ணை வைத்துவிட்டு "மேலு" என்பாள். என் வீட்டுக்காரர் "கீழு" என்பார். அறுப்பு வரைக்கும் அவளுக்குக் கொண்டாட்டம். ஏணியை மேலே இழுத்துப் போட்டுக்கொள்வாள். யார் வந்தாலும் அண்ணாந்துதான் பேச வேண்டும். அந்த மாதங்களில் அவள் முகமே வேறு, நன்றாகத் தூங்கினவள் முகம்.

அந்த வருஷம் கூப்புக்காரரோடு ஏதோ தகராறு என்று மூத்தார் வீட்டோடு வந்துவிட்டார். அவருக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் லாரிக்குப் போனார். வீட்டில் மூன்று பேர், மூத்தார், அக்கா, நான். மண் வைக்கிற நாளில் அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் முன்னால் போய் மண்ணை வைத்தார்.

"நான் மேலுங்க. எம் பொண்டாட்டி கீழு."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கூட்டம் என்று பார்க்காமல் முன்னால் போனேன்.

"அது இன்னாங்க நியாயம்? அக்காவுக்குக் கவண்தான் வரும். அதுக்கு வேல்கம்பு புடிக்கவே தெரியாது. நான் நிக்கறேங்க கீழ."

ஊர்க்கவுண்டர் நல்லவர்தான், ஆனால் முறை என்றால் முறை. "வூட்டு ஆம்பள சொல்லியாச்சிம்மா. மண்ணு வெச்சாச்சி. இனிமே இன்னா பண்ண முடியும்?" என்றார்.

திரும்பி வரும்போது மூத்தார் என்னிடம் சாந்தமாகச் சொன்னார், "மேல ஏறி ஏறித்தான் அவளுக்கு வாய் நீண்டு போச்சி. தரையில நின்னு பழகட்டும்."

நான் விடவில்லை. வெட்டிப்போட்ட வாழைமரம் ஒன்றை நிறுத்திவைத்து, அவள் கையில் வேல்கம்பைக் கொடுத்து, "குத்துக்கா" என்றேன். அம்மாடி, அந்த வாழைமரத்துக்கே அவளால் கிட்டே போக முடியவில்லை! ரெண்டு அடி வைப்பாள், நிற்பாள், கால் தானாகப் பின்னால் போகும். நான் அதட்டினேன், கெஞ்சினேன், முதுகைப் பிடித்துத் தள்ளக்கூடப் பார்த்தேன். கடைசியில் நின்ற இடத்திலிருந்தே வேல்கம்பை வீசினாள். மரத்தின் நடுவில் பாய்ந்து நின்றது.

"எறிஞ்சுட்ட சரி. இப்ப கையில இன்னா கீது?" என்றேன்.

அவள் தன் கையைப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. ரெண்டு பேரும் அந்த வாழைமரத்தடியில் எட்ட எட்ட உட்கார்ந்து அழுதோம்.

காவல் தொடங்கியது. நான் நினைத்தது பன்னியைப் பற்றி. பன்னி பெரிய விஷயமே இல்லை, நெருப்பைப் பார்த்தே போய்விடும். தப்ப முடியாதது வேறு. மேல் காவலுக்குக் கூழ் கொண்டுபோய்த் தருவது கீழ் காவல் வேலை. ஏணியில் ஏறி, சட்டியைக் கையில் நீட்ட வேண்டும். எறிய முடியாத சாமான், வைத்துவிட்டு விலகவும் இடமில்லை. ஏணியில் நிற்கிறவள் எங்கே விலகுவது? அவர் சட்டியை வாங்க மாட்டார், சட்டி பிடித்த கையை வாங்குவார். ஒரு சாயங்காலம் சட்டி விழுந்து உடைகிற சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா ஏணியடியில் உட்கார்ந்து இடது கை விரல்களை மடியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து அவர், "வழுக்கிடிச்சிம்மா, பாத்து ஏறச் சொல்லு" என்றார்.

விரலில் துணி சுற்றிவிட அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் என்னைக் கிட்டே விட்டாள். "அறுப்பு வரைக்கும் நான் இருக்க மாட்டேன் புள்ள" என்றாள். "அவுரு இன்னிக்கு வெரலு. நாளைக்கு ஏணியவே தள்ளுவாரு."

"உன் எடத்துல நான் நின்னாலும் வூட்ல உட மாட்டாரு. போய்டுக்கா சந்தவாசலுக்கு."

"எப்டி போறது? நான் முக்குரோட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அவுரு குறுக்கால வந்து உக்காந்திருப்பாரு."

அவருக்கு முன்னால் நின்று கையைப் பிடித்துத் தடுக்கலாம், எத்தனை நேரம் தடுப்பேன்?

ரெண்டு நாள் கழித்து, வெயில் நன்றாக ஏறியும் பரண் பக்கம் "எறங்கு" என்ற சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். மூத்தார் பரணில் நின்றுகொண்டிருந்தார். ஏணி இறக்கி வைத்திருந்தது. அக்கா நிலத்துக்கு அந்தப் பக்கம், பாறைமேல் நின்றிருந்தாள். துணி சுற்றின விரலால் கவணில் கல் வைத்துக்கொண்டிருந்தாள். வேல்கம்பு கீழே கிடந்தது.

"எறங்குன்னு கூப்புடு" என்றார் அவர்.

அவள் கூப்பிடவில்லை. அவர் ஏணியில் காலை வைத்தார். கல் வந்து அவர் கால் வைத்த படிக்கு அடுத்த படியில் விழுந்தது. மூங்கில் அதிர்ந்தது. காலை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வைத்தார். மறுபடி கல், அடுத்த அடி வைக்கப்போகிற இடத்தில். ஒன்றுகூட அவர் மேல் படவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, கத்த வேண்டும் போல இருந்தது.

ஊர் கூடிவிட்டது. ஊர்க்கவுண்டர் வந்தார். "இன்னாம்மா இது, புருசன் மேல கல்லு உடறது?"

அங்கிருந்தே சொன்னாள், குரல் ஒரு இடத்திலும் நடுங்காமல். "மேல உடலிங்க, பாத்துக்கோங்க. நான் கீழ் காவலுங்க. நான் சொன்னாத்தான் எறங்கணும். நீங்க வெச்ச கட்டுதானுங்களே? கட்ட மீறி எறங்கினா தடுக்க வேணாங்களா?"

கவுண்டர் மீறச் சொல்ல முடியாது, அம்மன் கல்லுக்கு முன்னால் வைத்த மண். பரண்மேல் இருந்தவருக்கும் அது தெரியும். ஊருக்கு முன்னால் ஒழுங்கான மனுஷன் என்று பேர் வாங்கினவர் ஊருக்கு முன்னால் கட்டை மீறுவாரா?

அக்கா கவணை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். "நான் போய்ட்டு வர்றேன் புள்ள" என்றாள். திரும்பி, சுற்றுப்பாதையில் நடந்தாள். ஓடவில்லை.

அவள் மரங்களுக்குள் மறைந்ததும் மூத்தார் கவுண்டரைப் பார்த்தார். "கீழ் காவல் ஊரை உட்டே போவுதுங்க. இனிமே நான் எப்டிங்க எறங்கறது?"

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "அந்த வூட்ல இருக்கறது நீதாம்மா. இனிமே நீதான் கீழு. வேல்கம்ப எடுத்துக்க. அவுர எறங்கச் சொல்லு."

போய் வேல்கம்பை எடுத்தேன். ஏணிக்குக் கீழே போய் நின்றேன். ஊரே என் வாயைப் பார்த்தது. ஜீப் வருகிற நேரம் இன்னும் ஆகவில்லை. நான் சொன்னால் அவர் இறங்குவார், குறுக்கு வழியில் போவார், அவளுக்கு முன்னால் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்துவிடுவார். இந்த முறை கையோடு விட மாட்டார்.

"சொல்லும்மா" என்றார் மேலேயிருந்து, சாந்தமாக.

தொண்டையைப் பிடித்துக் காட்டினேன். "தொண்ட கட்டிகிச்சிங்க. சத்தம் வரல" என்று கிசுகிசுத்தேன்.

முந்தின நாள் ஆட்டுக்காரனை நான் திட்டினது மூன்று ஊருக்குக் கேட்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கவுண்டர் பெண்டாட்டி மட்டும் முன்னால் வந்தாள். "அய்யே, தொண்ட கட்டினா மெளகு கசாயம் வெச்சித்தான் தரணும். இரு, அடுப்பு மூட்டறேன்" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் மிளகு தேடப் போனாள். இன்னொருத்தி விறகு ஈரம் என்றாள். கவுண்டர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேல்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜீப் சத்தம் முதலில் முக்குரோட்டுப் பக்கம் கேட்டது. நின்றது. பிறகு புறப்பட்டு, வளைவு வளைவாக இறங்கி, தேய்ந்துகொண்டே போனது. கசாயம் வந்தது. சூடாகக் குடித்தேன். முழுக்கக் குடித்தேன்.

"எறங்குங்க மாமா" என்றேன். நல்ல சத்தமாகவே வந்தது.

அவர் இறங்கினார். என்னைத் தாண்டிப் போகும்போது கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் கூழ்ச்சட்டியோடு நான் பரணடிக்குப் போனபோது அவர் மேலே உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். அறுப்புக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. கட்டு அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். என் வீட்டுக்காரர் வருகிற சேதி இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க எனக்கு மனசில்லை. ஒரு கையில் சட்டி, ஒரு கையில் வேல்கம்பு என்று ஏணியில் ஏறினேன்.